இரண்டு மடங்கு விலைக்கு என்ன கிடைக்கும்? (வாகனக் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணா உதவி செய்வதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் எடுக்க விருப்பம். மாமா சொல்கிறார், அந்தக் காசில் பாதிகூடப் போகாது, சுசுகி ஸ்விப்ட் ஸ்போர்ட் எடு, ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது என்று. வேலை நாட்களில் யாழ். நகருக்குப் போய்வருவேன். மாதத்தில் ஒருமுறை கொழும்புப் பயணம். கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குப் பெறுமதி உண்டா? (கோண்டாவில் வாசகர்)

பதில்: உங்கள் மாமா முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்காகத்தான் ஜி.ஆர். யாரிஸைச் செய்தார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2020இல் யாப்பானில் வெளிவந்த ஜி.ஆர். யாரிஸின் ஆர்.இசட். ரகம் 1,618 சீசீ, மூன்று சிலிண்டர் டர்போ. வலு 272 குதிரை, முறுக்குவிசை 370 நியூட்டன் மீற்றர், எடை 1,280 கிலோ, நான்கு சில்லுக்கும் இழுவை. 2017இல் வந்த ஸ்விப்ட் ஸ்போர்ட் (மாதிரி இலக்கம் இசட்.சி.33எஸ்) 1,371 சீசீ டர்போ. வலு 140 குதிரை, முறுக்குவிசை 230 நியூட்டன் மீற்றர், எடை 970 கிலோ, முன் சில்லு இரண்டுக்கும் மட்டும் இழுவை. ஒரு குதிரை வலு யாரிஸில் 4.7 கிலோவை இழுக்கிறது, ஸ்விப்டில் 6.9 கிலோவை. தாளில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம்.

ஆனால் அந்த வலு எந்தச் சுற்றில் வருகிறது என்று பாருங்கள். ஸ்விப்டின் முழு முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே வந்துவிடும். யாரிஸுக்கு 3,000 வேண்டும். அதன் 272 குதிரையும் கைக்கு வர 6,500 சுற்றுவரை மிதிக்க வேண்டும். பலாலி வீதியில் கோண்டாவிலில் இருந்து நகருக்கு வரும்போது சைக்கிள், ஆட்டோ, பாடசாலை விடும் நேரம் எல்லாவற்றுக்கும் நடுவில் உங்கள் இயந்திரம் 1,500க்கும் 2,500க்கும் இடையில்தான் சுற்றும். அந்த இடத்தில் 300 கிலோ எடை குறைந்த ஸ்விப்ட் கொஞ்சமும் சளைக்காது. கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்குள் 50, வெளியே ஏ9 வீதியில் 70 கிலோமீற்றர் என்பதுதான் காருக்குச் சட்டம். 100இல் ஓட அனுமதியுள்ள அதிவேகப் பாதை வேண்டுமென்றால் குருநாகல்வரை போக வேண்டும். யாரிஸை மூன்றாம் கியரில் ஒருதரம் முழுதாக மிதித்தாலே 70 பின்னால் போய்விடும்.

அப்படியானால் யாரிஸின் விலை எதற்கு? அது சாதாரண யாரிஸுக்குக் கூடுதல் வலு ஏற்றிய கார் இல்லை. உலக ரலிப் போட்டி விதிக்காகவே தனியாகச் செய்த மூன்று கதவு உடல், தனி இயந்திரம், தனி இழுவை முறை. முன் பிரேக் தட்டு 356 மில்லிமீற்றர், நான்கு பிஸ்டன். பெற்றோலை உள்ளெடுப்புக் குழாயிலும் சிலிண்டருக்குள்ளும் இரண்டு இடத்திலும் தெளிக்கிறது, அதனால் வால்வில் கரி படிவது குறைவு. ஸ்விப்ட் சிலிண்டருக்குள் மட்டும் தெளிப்பதால் நாளடைவில் உள்ளெடுப்பு வால்வில் கரி சேரும். மழையில் நனைந்த மலைப்பாதை வளைவில் நான்கு சில்லும் பிடித்து இழுப்பதை ஸ்விப்டில் எந்தக் காசு செலவழித்தும் பெற முடியாது. நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிபோல எதிலாவது ஓட எண்ணமிருந்தால் யாரிஸை எடுங்கள், மறுபேச்சில்லை. கோண்டாவிலுக்கும் நகருக்கும் இடையே ஓட என்றால் வேண்டாம்.

இன்னொன்று, இங்கே விலை வித்தியாசம் யாப்பானில் இருப்பதைவிடப் பெரிதாக விரியும். அங்கே அறிமுக விலை யாரிஸ் ஆர்.இசட். 39 இலட்சத்து 60 ஆயிரம் யென், ஸ்விப்ட் ஸ்போர்ட் (ஆறு கியர்) 18 இலட்சத்து 36 ஆயிரம் யென். நமது உற்பத்தி வரி சீசீ கணக்கில் படிப்படியாக ஏறுகிறது. 1,600க்கு மேல் ஒரு படி. யாரிஸ் அந்தக் கோட்டை வெறும் 18 சீசீயால் தாண்டுகிறது. அந்தப் படியின் கூடிய வீதம் 1,618 சீசீக்கும் சேர்த்துத்தான்.

எடுத்த பிறகு வரும் செலவையும் யோசியுங்கள். ஸ்விப்டில் எண்ணெய் மாற்ற வேண்டியது இயந்திரத்திலும் கியர்ப்பெட்டியிலும் மட்டும். யாரிஸில் அவற்றோடு பின்சில்லுக்கு இழுவை பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பின் டிபரன்சியல் என்று இடங்கள் கூடும். ரயர் இதைவிடப் பெரிய விஷயம். யாரிஸுக்கு 225/40 ஆர்18. நான்கு சில்லு இழுவையில் ஒரு ரயர் மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு மற்றவற்றோடு ஒத்துவராது. பின்சில்லுக்கு இழுவை அனுப்பும் கிளச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். ஆகவே ஒரு ரயர் கிழிந்தாலும் நான்கையும் மாற்ற வேண்டி வரலாம். ஸ்விப்டுக்கு 195/45 ஆர்17, சோடியாக மாற்றினால் போதும். யாப்பான் இறக்குமதியில் இரண்டுக்குமே மாற்றுச் சில்லு வராது, பசை அடிக்கும் பெட்டி மட்டும்தான். ஏ9இல் இரவில் ஓடுபவர் ரயர் ஓட்டையை அடைக்கும் பிளக் கருவியும் 12 வோல்ற் காற்றுப் பம்பும் வாங்கி வைக்கவும். பக்கச்சுவர் கிழிந்தால் பசையும் உதவாது, பிளக்கும் உதவாது.

என் முடிவு: ஸ்விப்டை எடுங்கள். மிஞ்சும் காசில் முதலில் நல்ல ரயர் நான்கு. பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு வருடத்துக்கு மேற்பட்டதை, பூ எவ்வளவு நிறைய இருந்தாலும், கழற்றிவிடுங்கள். அடுத்தது பிரேக் எண்ணெயை மாற்றி நல்ல பாட் போடுவது. இந்த இரண்டிலும் கிடைக்கும் வித்தியாசத்தை ஒவ்வொரு நாளும் உணர்வீர்கள்.

கேள்வி: இரண்டுக்கும் 92 பெற்றோல் அடிக்கலாமா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: அடிக்காதீர்கள். இரண்டுமே யாப்பானில் உயர் ஒக்டேன் பெற்றோலுக்கென்று குறிக்கப்பட்டவை. இங்கே குறைந்தது 95. 92 அடித்தால் டர்போ அமுக்கும் காற்றின் சூட்டில் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும், உணரி அதைப் பிடித்துத் தீப்பொறியைப் பின்தள்ளும். இயந்திரம் உடனே கெடாது, ஆனால் விலை கொடுத்து எடுத்த வலுவை நீங்களே திருப்பிக் கொடுக்கிறீர்கள். நமது வெக்கையில் இது இன்னும் மோசம். 95 எல்லா செட்டிலும் இருப்பதில்லை, ஸ்விப்டின் தாங்கி 37 லீற்றர்தான். தூரப் பயணத்தில் அரைத் தாங்கியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: "ஜி.ஆர். யாரிஸ், நல்ல விலை" என்று ஒருவர் ஓட்டோ கியர் கார் காட்டுகிறார். பார்க்க அதே உடல்தான். நம்பலாமா? (மானிப்பாய் வாசகர்)

பதில்: சேசிஸ் இலக்கத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். ஜி.எக்ஸ்.பி.ஏ.16 என்றிருந்தால் உண்மையான டர்போ. எம்.எக்ஸ்.பி.ஏ.12 என்றிருந்தால் அது ஆர்.எஸ். ரகம்: அதே மூன்று கதவு உடல், உள்ளே 1.5 லீற்றர் டர்போ இல்லாத இயந்திரம், 120 குதிரை, சீ.வி.ரி. கியர், முன்சில்லு இழுவை மட்டும். ஆர்.எஸ். கெட்ட கார் இல்லை. ஆனால் அதற்கு டர்போவின் விலையைக் கொடுக்கக்கூடாது. எட்டுக் கியர் ஓட்டோவோடு டர்போ வந்தது 2024 மாற்றத்துக்குப் பிறகுதான், அதற்கு முந்திய ஆண்டு ஓட்டோ என்றால் ஆர்.எஸ். என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விப்டிலும் இதே சிக்கல் உண்டு. சாதாரண ஸ்விப்டுக்கு ஸ்போர்ட் பம்பரும் பட்டியும் மாட்டி விற்பார்கள். இசட்.சி.33எஸ் என்பது பதிவுப் புத்தகத்திலும் உடலில் அடித்த இலக்கத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இலக்கம் சரியென்றால், காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். தொடக்கத்தில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இன்ரகூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) குழாயைக் கழற்றி உட்பக்கம் விரலால் துடையுங்கள்: மெல்லிய ஈரம் இயல்பு, எண்ணெய் தேங்கி நின்றால் டர்போவின் சீல் மீது சந்தேகம். பிறகு, கை கியர் காரானால், நான்காம் கியரில் 2,000 சுற்றில் ஓடியபடி முழுதாக மிதியுங்கள். வேகம் கூடாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளச் முடிந்தது, அந்தக் காசை விலையில் குறையுங்கள்.

கேள்வி: ஆர்.இசட். ஹை பெர்போமன்ஸ் என்ற உயர்ந்த ரகத்துக்கு மேலும் கொடுக்கலாமா? (நல்லூர் வாசகர்)

பதில்: 2020இல் அதற்குக் கூடுதல் 6 இலட்சம் யென். முன்னும் பின்னும் ரோசன் டிபரன்சியல் (வழுக்கும் சில்லைவிடப் பிடிப்புள்ள சில்லுக்குக் கூடுதல் இழுவை கொடுப்பது), அடித்துச் செய்த பி.பி.எஸ். சில்லு, மிச்சலின் ரயர், இன்ரகூலருக்குத் தண்ணீர் தெளிப்பான். பழைய காராக எடுக்கும்போது அந்த ரயர் தேய்ந்து போயிருக்கும். ரோசனின் பயன் வளைவுக்குள் கடுமையாக மிதிப்பவருக்கே. இல்லை என்பதே பதில்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். பராமரிப்பில் என்ன கவனிக்க வேண்டும்? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: அடிப்பக்கத்தைத்தான். வாரம் ஒருமுறை சில்லு வளைவுகளுக்குள்ளும் அடித்தட்டிலும் அழுத்தத் தண்ணீர் அடியுங்கள். பிரேக் குழாய் இணைப்புகளும் சைலன்சர் போல்ற்றுகளும்தான் உப்புக்காற்றில் முதலில் பிடிக்கும். கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும், உவராக இல்லாவிட்டால். ஆனால் உடனே துணியால் துடையுங்கள், நமது சுண்ணாம்புக்கல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படை நிறத்தில் ஏறிவிடும். அதே காரணத்துக்காக ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பைகூட ஊற்றக்கூடாது. நுண்ணிய குழாய்களில் சுண்ணாம்பு படிந்து டர்போவைச் சுற்றும் குளிர்நீர் ஓட்டம் குறையும், முள் ஏறுமுன்பே கேடு தொடங்கியிருக்கும். கலந்து வரும் கூலன்ற் ஒரு லீற்றர் போத்தலை காரின் பின்பெட்டியில் வைத்திருங்கள். ஊற்றுவது இயந்திரம் முழுதாக ஆறிய பிறகு மட்டும்.