நெஞ்சுவலி: குடும்ப டாக்டர் கையில் முதல் மருந்து (கேள்வி-பதில்)

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டியது. எங்கள் டாக்டர் ஒரு கை மாத்திரையை விழுங்க வைத்த பிறகுதான் வேலூருக்கு அனுப்பினார். அது தாமதம் இல்லையா? (வாசகி, ஒடுகத்தூர்)

இல்லை அம்மா, அவர் செய்தது சரி. ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு, ஆக 14 மாத்திரை. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுப்பதும் இதே லோடிங் டோஸ்தான், அதாவது முதலில் ஒரேயடியாகக் கொடுக்கும் கூடுதல் அளவு. மாரடைப்பில் இதய ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டி மேலும் வளராமல் முதல் இரண்டும் தடுக்கும். ஆஸ்பிரினை மென்று விழுங்க வேண்டும். மேலுறை உள்ள மாத்திரையை அப்படியே விழுங்கினால் குடலுக்குப் போய்த்தான் கரையும். அவ்வளவு நேரம் நம்மிடம் இல்லை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது, குடற்புண்ணில் ரத்தம் கசிகிறது என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் மாத்திரை அடைப்பைத் திறந்துவிடாது. வலி குறைந்துவிட்டதே என்று வீட்டுக்குத் திரும்புகிறவர்களை நினைத்தால்தான் பதறுகிறது. டாக்டர் மாத்திரையை எடுக்கும்போதே கூட வந்தவர் 108-ஐக் கூப்பிடட்டும். கொடுத்த மருந்தையும் நேரத்தையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியிலும் அதே மாத்திரையை இன்னொரு முறை கொடுத்துவிடக்கூடும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை கிளினிக்கிலேயே போட்டால் என்ன? (வாசகர், குடியாத்தம்)

ஸ்காட்லாந்தில் போட்டே பார்த்தார்கள். அபர்டீன் பக்கத்துக் கிராமங்களில் குடும்ப டாக்டர்கள் வீட்டுக்கே போய் அனிஸ்ட்ரெப்ளேஸ் ஊசி போட்டார்கள். 1992-ல் முடிவு வெளியானது: ஆஸ்பத்திரியில் போட்டதைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம், மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய பாதிதான். இருந்தாலும் இந்த ஊசியால் மூளையில் ரத்தம் கசியலாம். ஈசிஜியும், இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் கருவியும் இல்லாத இடத்தில் போடக்கூடாது. பீஞ்சமந்தை மாதிரி மலையூர்க்காரர்களுக்கு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திராமல், வழியில் இந்த வசதியுள்ள ஆஸ்பத்திரியிலேயே போட்டு அனுப்புவதுதான் நல்லது என்பேன்.

வலிக்கு இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாமா? (காட்பாடி)

வேண்டவே வேண்டாம். வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி இதயத்துக்கே கெடுதல். பிறகு கரைக்கும் ஊசி போட்டால், இடுப்பில் குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வைத்திருக்கிறேன். போதுமா? (ஆற்காடு)

போதாது. அது வலியைத் தணிக்கும், ரத்தக்கட்டியை ஒன்றும் செய்யாது. பிரஷர் இறங்கியிருந்தால் ஆபத்து. வயாக்ரா வகை மாத்திரை போட்டிருந்தால் தொடவே கூடாது. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.