வெவ்வேறு செறிவுள்ள ஸ்ப்ரே டான் கரைசல்களைக் கலக்கலாமா?

தோலில் தெளித்துப் பழுப்பு நிறம் பெற உதவும் ஸ்ப்ரே டானில் 8 சதவீதக் கரைசலும் 14 சதவீதக் கரைசலும் கையில் இருக்கும்போது, 10 சதவீதம் தேவைப்பட்டால் இரண்டையும் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே வகையைச் சேர்ந்தவை என்றால் கலக்கலாம்.

அந்தச் சதவீதம், தோலின் மேலடுக்கிலுள்ள இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பு நிறம் தரும் டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்னும் எளிய சர்க்கரையின் அளவைக் குறிப்பதாகும். எனவே கலவையின் செறிவு இரண்டுக்கும் இடைப்பட்டதாகவே அமையும், 8-உம் 14-உம் சேர்ந்து 22 ஆகிவிடாது. 10 என்பது 14-லிருந்து 4 குறைவு, 8-லிருந்து 2 கூடுதல் என்பதால், 8 சதவீதக் கரைசலில் 4 பங்கும் 14 சதவீதக் கரைசலில் 2 பங்கும் எடுக்க வேண்டும். 60 மில்லிலிட்டர் வேண்டுமானால் முறையே 40, 20 மில்லிலிட்டர். கண்ணளவை நம்பாமல் அளவுக்குவளையைப் பயன்படுத்துங்கள். ஊற்றுவதற்கு முன் இரண்டு புட்டிகளையும் நன்றாகக் குலுக்குங்கள்.

வெவ்வேறு நிறுவனங்களின் கரைசல்களைக் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு சரியாகவே வரும். ஆனால் அமிலத்தன்மை, நறுமணப் பொருள்கள், பச்சை அல்லது ஊதாச் சாயல் கொண்ட அடிப்படை நிறம் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இறுதி நிறம் எதிர்பாராததாக அமையக்கூடும். தெளித்தவுடன் தெரிவது பெரும்பாலும் எங்கே தெளித்தோம் என்று காட்டச் சேர்க்கப்பட்டு, முதல் குளியலிலேயே கழுவப்பட்டுவிடும் வழிகாட்டி நிறமே. உண்மையான நிறம் சில மணிநேரங்களில் படிப்படியாகத்தான் எழும் என்பதால், குவளையில் தெரியும் கருமையை வைத்துச் செறிவை மதிப்பிட முடியாது.

வெப்பத்திலும் நாட்பட்டும் இந்தச் சர்க்கரை சிதைவதால், பழைய புட்டியில் அச்சிட்ட எண்ணைக் கணக்கில் சேர்ப்பது வீண். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மீதியைப் புட்டியில் திரும்ப ஊற்றாமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.