தானே ஓடும் மின்கார்களுக்கான ஸ்மார்ட் சார்ஜிங் பார்க்கிங்கை சென்னை அடுக்ககத்தில் இப்போதே போடலாமா?

கேள்வி இது: பேஸ்மென்டில் 20 மின்கார் நிற்கும் குடியிருப்பு. காரே தானாக நகர்ந்து போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பார்க்கிங் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அசோசியேஷன் வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

கார் தானாக நகரும் பகுதிக்குப் பொறுத்திருங்கள். வயரிங்கையும் லோடைப் பங்கிடும் கன்ட்ரோலரையும் இப்போதே போடுங்கள். எந்தக் கார் வந்தாலும் அவை வீணாகாது.

முதலில் கணக்கு. ஊருக்குள் ஒரு கார் தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 7 யூனிட் பிடிக்கும். 20 காருக்கு 140 யூனிட். இரவு 10 முதல் காலை 6 வரை நிதானமாக ஏற்றினால் 17.5 கிலோவாட் போதும். ஆளுக்கொரு 7.4 கிலோவாட் சார்ஜர் மாட்டி, வேலை முடிந்து வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் செருகினால் 148 கிலோவாட். வீட்டுக்கு வீடு ஏசி ஓடும் நேரமும் அதுதான். ஈபி ரூம் தாங்காது. இந்த 148-ஐ 17.5 பக்கம் இறக்குவதுதான் சிஸ்டத்தின் முதல் வேலை.

கார் தானாக நகர்ந்தால் அந்த 140 யூனிட் குறையாது, சார்ஜிங் பாயின்ட்டுகள்தான் குறையும். ராத்திரி 2 மணிக்கு யாரும் எழுந்து போய்க் காரை மாற்றி நிறுத்தமாட்டார்கள் என்பதால்தான் இன்று காருக்கு ஒரு பாயின்ட் வேண்டியிருக்கிறது. காரே இடம் மாறினால் நாலு பாயின்ட் போதும்: ஒவ்வொரு காரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும், ஒரு பாயின்ட்டில் ஐந்து கார், ஐந்து மணி நேரத்தில் வேலை முடியும். லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாலு பாயின்ட்டும் சேர்ந்து ஓடும்போது 29.6 கிலோவாட் இழுக்கும். அப்போதும் லோடு கன்ட்ரோலர் வேண்டும்.

தொழில்நுட்பம் எங்கே நிற்கிறது? ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் விமான நிலையத்தின் பி6 பார்க்கிங்கில் போஷும் மெர்சிடிஸும் சேர்ந்து அமைத்த ஓட்டுநரில்லா பார்க்கிங்குக்கு 2022 நவம்பரில் அந்நாட்டு மோட்டார் வாகன ஆணையம் அனுமதி கொடுத்தது. அங்கே வழி பார்ப்பது கட்டடத்தில் பொருத்திய சென்சார்கள். காருக்கு உத்தரவு மட்டும் போகும். இதற்கான ஐஎஸ்ஓ 23374 தரநிலையில் மூளை காரில் இருக்கும் வகை, கட்டடத்தில் இருக்கும் வகை, இரண்டும் பங்கிடும் வகை என மூன்று உண்டு. கொட்டேஷன் எந்த வகை என்று கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் அந்த உத்தரவைப் புரிந்துகொள்ளும் கார் உங்கள் 20 பேரில் யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இங்கே நிலவரம் வேறு: ஓட்டுநரில்லாக் காரை இந்தியாவில் விடமாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் சொன்னார், ஓட்டுநர்களின் வேலை போகும் என்பது காரணம். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநரில்லா ரயில் வரலாம். அதன் தண்டவாளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதில்லை, உங்கள் ரேம்ப்பில் ஆடுகிறார்கள்.

சரி, கார் போய் நின்றது; பிளக்கை யார் செருகுவது? ரோபோ கை ஒரு வழி. தரையில் பேட் பதித்து வயர்லெஸ்ஸில் ஏற்றுவது இன்னொன்று. எஸ்ஏஇ ஜே2954 தரநிலைப்படி 11 கிலோவாட் வரை போகலாம், 85 கிலோஹெர்ட்ஸில். கார் முன்பின் 7.5 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது. பேட் மேல் ஒரு பிஸ்கட் உறை கிடந்தாலே அதன் உள்பக்க அலுமினியம் சூடேறும். அதனால் உலோகத்தைக் கண்டால் சிஸ்டம் நிறுத்திவிடும். காருக்கடியில் பூனை வந்து படுத்தாலும் நிற்கும். நம் பேஸ்மென்டுகளில் இது தினப்படி நடக்கும்.

இப்போது போட வேண்டியதற்கு வருவோம். மெயின் இன்கமரில் (ஈபி லைன் கட்டடத்துக்குள் வரும் இடம்) மூன்று ஃபேஸுக்கும் கரண்டை அளக்கும் சிடி காயில், அதைப் படிக்கும் மீட்டர், கட்டடத்தின் மொத்த இழுப்பைப் பார்த்து மிச்சத்தைச் சார்ஜர்களுக்குப் பிரித்துத் தரும் கன்ட்ரோலர். சார்ஜர்கள் ஓசிபிபி, அதாவது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சார்ஜர் மொழி, பேச வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு வேறு கம்பெனி சார்ஜரைச் சேர்க்க முடியாது.

பலரும் தடுமாறுவது 6 ஆம்பியரில். டைப் 2 (மின்கார்களின் வழக்கமான பிளக் வகை) சார்ஜர் காருக்கு 'இவ்வளவுதான் எடுக்கலாம்' என்று சிக்னல் கொடுக்கும்; அதில் சொல்லக்கூடிய குறைந்தபட்சம் 6 ஆம்பியர். 17.5 கிலோவாட்டை மூன்று ஃபேஸில் பிரித்தால் ஃபேஸுக்கு 25 ஆம்பியர் சொச்சம், அதாவது நாலு கார். மொத்தம் 12 கார்தான் ஒரே நேரத்தில் ஏறும், மற்ற எட்டும் வரிசையில் நிற்க வேண்டும். 6 ஆம்பியரில் ஏற்றினால் காருக்குள் இருக்கும் சார்ஜர் வீணாக்கும் பங்கும் கூடும். அதனால் எல்லாருக்கும் துளித்துளியாகக் கொடுப்பதைவிட, சில கார்களுக்கு 12, 16 ஆம்பியர் கொடுத்து முறை மாற்றுவது மேல். அதிலும் ஒரு சிக்கல்: கரண்டை முழுக்க நிறுத்திச் சில மணி நேரம் காக்கவைத்தால் சில கார்கள் தூங்கிவிடும், திரும்பக் கொடுத்தாலும் எடுக்காது. பிளக்கைக் கழற்றி மாட்டியது போல சிக்னலை வெட்டி எழுப்பும் வசதி சார்ஜரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

7.4 கிலோவாட் சார்ஜர் சிங்கிள் ஃபேஸ், முழு வேகத்தில் 32 ஆம்பியர் இழுக்கும். எலெக்ட்ரீஷியன் அவசரத்தில் எல்லாவற்றையும் ஆர் ஃபேஸிலேயே கட்டிவிட்டுப் போவதுண்டு. ஆர், ஒய், பி என்று மாற்றி மாற்றிக் கட்டி, லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். கேபிள் 40 மீட்டர் போகிறதென்றால் 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பரில் 32 ஆம்பியருக்கு 9 வோல்ட் விழும். 10 ஸ்கொயர் போட்டால் 6-க்குள் அடங்கும். வீட்டில் இருக்கும் சாதாரண 'டைப் ஏசி' ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் ட்ரிப் ஆகும் சுவிட்ச்) இதற்கு ஆகாது, டிசி கசிவு வந்தால் அது குருடாகிவிடும். டைப் பி வேண்டும், அல்லது சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைப் பிடிக்கும் வசதியும் வெளியே டைப் ஏ ஆர்சிசிபியும். பழைய கட்டடங்களில் எர்த் சரியில்லாமல் சார்ஜர் கிளம்பவே மறுக்கும். அப்போது எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி எரரை மறைக்க வருபவரை வெளியே அனுப்புங்கள். எர்த் பிட்டைச் சரிசெய்வதுதான் வழி.

ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு கான்டாக்ட் மூலம் கன்ட்ரோலருக்குத் தகவல் போய், சார்ஜிங் நிற்க வேண்டும். கரண்ட் திரும்பும்போது எல்லாம் ஒரே நொடியில் கிளம்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழ வேண்டும். பேஸ்மென்டில் பெரும்பாலும் மொபைல் சிக்னல் வராது. சிம் போட்ட சார்ஜர் அங்கே பொம்மைதான். லேன் கேபிள் இழுத்து, யார் ஏற்றலாம் என்று சொல்லும் ஆர்எஃப்ஐடி (தட்டிக் காட்டும்) கார்டுப் பட்டியலைச் சார்ஜருக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

காரின் மேல் கார் அடுக்கும் ஸ்டாக் பார்க்கிங் உள்ள இடங்களில் பிளக் செருகியிருக்கையில் பேலட் (கார் நிற்கும் தட்டு) நகர்ந்தால் கேபிளோடு கனெக்டரும் பிய்ந்து வரும். சார்ஜ் ஏறும்வரை லிஃப்ட் மோட்டாரை லாக் செய்யும் இன்டர்லாக் இல்லாமல் அங்கே கை வைக்காதீர்கள்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் என்றால் வெள்ளக் கணக்கும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மழை எச்சரிக்கை வந்தால் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக விட்டுவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூஷன் போர்டைத் தரைத்தளத்துக்கு மேல் வையுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஃப்ளோட் சுவிட்ச் வைத்து, தண்ணீர் அதைத் தூக்கினால் ஷன்ட் ட்ரிப் (பிரேக்கரைத் தட்டிவிடும் காயில்) மூலம் பேஸ்மென்ட் சார்ஜிங் லைன் முழுக்க விழும்படி செய்யுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் டின் பூசிய லக் போடுங்கள், வெறும் காப்பர் பச்சை பிடிக்கும்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்: பத்து காரைச் செருகிவிட்டு ரவுட்டரை ஆஃப் செய்யுங்கள். கன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்ததும் சார்ஜர்கள் எல்லாம் தாமாக 6 ஆம்பியருக்கு இறங்க வேண்டும். 32-க்கு ஏறினால் பில்லைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.