கங்கைகொண்ட சோழபுரத்தில் தலைநகரம் எங்கே?

பிள்ளைகளோடு போனால் கோயிலைத் தவிர காட்ட ஒன்றுமே இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறதுங்க, ஆனால் பெரும்பகுதி மண்ணுக்கடியில். கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில் மாளிகைமேடு, அங்கே ராஜேந்திர சோழனின் அரண்மனைச் செங்கல் சுவர்களைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள், கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும்கூடக் கிடைத்தன. அவசியம் கூட்டிப்போங்கள்.

அப்புறம் பொன்னேரி என்கிற பெரிய ஏரி. கங்கை நீரைக் கொண்டுவந்து ராஜேந்திரன் எழுப்பிய சோழகங்கம் இதுதான், நீராலான வெற்றித்தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 250 ஆண்டு தலைநகரமாக இருந்த ஊர் இது, 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தில் கீழணை கட்ட ஆங்கிலேயர் கோயில் மதிலையே பெயர்த்துப் போனார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கோயிலில் வடக்குப் படிக்கட்டருகே சிவனடியார் சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பத்தை மட்டும் தவறவிடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி அந்த விரல்களைக் காட்டுங்கள்.