முதல் தடவை மியூரல் ஒட்டுகிறவர்களுக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

சுவர் முழுவதையும் ஒரே படமாக மூடும் வோல்பேப்பரைத்தான் மியூரல் என்கிறோம். லண்டனில் 14 வருடம் இதை ஒட்டித்தான் சீவித்தேன். இப்போது இருப்பது நல்லூரில். கேட்பவர்களை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன்.

கொக்குவில்: மகளின் அறைக்குக் காட்டுப் படம் வாங்கினோம், ஆறு துண்டு. எங்கே தொடங்குவது, அண்ணை?

தங்கச்சி, பசை வாளியைத் திறக்க முதல் ஆறையும் இலக்கப்படி நிலத்தில் விரித்துப் பாருங்கள். துண்டு குறைந்தாலும் நிறம் மாறியிருந்தாலும் அப்போதே தெரியவேண்டும். ஒட்டிய பிறகு எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டார்.

அப்புறம் தூக்குக்குண்டு, நூலில் கட்டிய பாரம். மூலையை நம்பி முதல் துண்டை வைக்காதீர்கள், நேரான மூலையை நான் எங்கள் ஊரில் இன்னும் காணவில்லை. துண்டின் அகலம் 50 செ.மீ. என்றால், மூலையில் இருந்து 49இல் குண்டைத் தொங்கவிட்டுப் பென்சில் கோடு போடுங்கள். முதல் துண்டின் வெளி ஓரம் அந்தக் கோட்டில் நிற்கட்டும், மிச்சம் மூலையில் வெட்டுப்படும். முதல் துண்டு சரிந்தால் பக்கத்துத் துண்டுகளும் கூடவே சரியும். கடைசித் துண்டுக்கு வரும்போது மேலேயோ கீழேயோ வெறுஞ்சுவர் தெரியும்.

மேலும் கீழும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு, ஒட்டிய பிறகு வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் புது பிளேட். மொட்டை பிளேட் நனைந்த தாளைக் கிழிக்கும். நொன்-வோவன் தாள் (நெய்யாமல் நாரை அழுத்திச் செய்தது) என்றால் பசையைச் சுவரில் பூசவேண்டும். வெறும் கடதாசி என்றால் தாளின் பின்புறம் பூசி, மடித்துச் சில நிமிடம் ஊறவிடுங்கள். நனைந்த கடதாசி விரியும். ஊறாமல் ஒட்டினால் சுவரில் இருந்தபடி விரிந்து கொப்பளிக்கும்.

குருநகர்: சுவரின் கீழ்ப்பக்கம் வெள்ளையாகப் பூக்கிறது. தட்டிவிட்டு ஒட்டலாமா?

ஒட்டக்கூடாது. அது உப்பு. பழைய கல்வீடுகளில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரத்தடுப்பு இல்லை. நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால் ஏறி, சுவர் முகத்தில் காய்ந்து உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அதன் மேல் வைனில் (பிளாஸ்டிக் பூசிய) தாளை ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லை. பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், பசை விடும். சீமெந்து பூசி அடைத்தால் சரி என்பார்கள். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: இரண்டடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் மேசனைக் கூப்பிடுங்கள், என்னையல்ல.

மானிப்பாய்: புது வீடு, பூச்சு பூசி இரண்டு வாரம்.

குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். பிறகு பொலித்தீன், பிறகு பிறைமர் (அடிப்பூச்சு).

சாவகச்சேரி: எதற்குக் கடைப்பசை? கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டலாமே. சினிமாப் போஸ்டர் எல்லாம் அப்படித்தானே நின்றது.

நின்றது. ஒட்டாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரரும் ஒரு காலத்தில் மாப்பசையில்தான் வோல்பேப்பர் ஒட்டினார்கள். ஆனால் கரப்பானுக்கு அது சாப்பாடு, மாரி ஈரத்தில் பூஞ்சணத்துக்கும் சாப்பாடு.

சாவகச்சேரி: அதற்குத்தானே மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) போடுவது.

மயில்துத்தம் நஞ்சு அண்ணை. பிள்ளை படுக்கும் அறைச் சுவரில் வேண்டாம். நீலம் கசிந்து படத்தின் வெள்ளையையும் கெடுக்கும்.

பருத்தித்துறை: எங்கள் ஒழுங்கை மதிலில் திருவிழா நோட்டீஸ் இரண்டு வருடமாக நிற்கிறது. மாப்பசைதான்!

தம்பி, நோட்டீஸின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? மதிலில் ஓரம் சுருண்டால் யாரும் கவலைப்படுவதில்லை. வீட்டில் கதிரைக்கு நேரே சுருண்டு நின்றால் தினமும் கண்ணில் குத்தும். இன்னொன்று, கடைப்பசையில் ஒட்டும்போது துண்டை நகர்த்திப் பொருத்தலாம். காய்ச்சிய மாப்பசை கட்டி கட்டியாக இருந்தால் ஒவ்வொரு கட்டியும் தாளுக்கு வெளியே தெரியும்.

சுன்னாகம்: சுவிட்ச் நடுவில் வருகிறது.

மெயினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றுங்கள். மேலால் ஒட்டி, மூலைக்கு மூலை கீறி மடித்து வெட்டுங்கள். வயரில் கை வைக்க வேண்டியிருந்தால் மின்வேலைக்காரரைக் கேளுங்கள்.

காரைநகர்: கார்த்திகையில் ஒட்டலாமா?

தை பிறக்கட்டும்.

இணுவில்: மழைக்காலத்தில் ஒட்டினால் என்ன?

மேலே பாருங்கள்.

அரியாலை: மழை விட்ட உடனே ஒட்டலாமா, அண்ணை?

பொலித்தீன்! இரண்டு நாள்! மூன்றாவது தடவை சொல்கிறேன்.

கோண்டாவில்: ஒட்டி முடிந்தது. சின்னச் சின்னக் கொப்புளம். ஃபானைப் போட்டுக் காயவிடவா?

ஃபான் வேண்டாம், வேகமாகக் காய்ந்தால் பொருத்துகள் விரியும். ஒரு நாள் விடுங்கள், கடதாசி தானாக இறுகும். வைனில் என்றால் ஊசியால் குத்தி மெதுவாக அழுத்துங்கள்.

சாவகச்சேரி: நான் மாப்பசையிலேயே ஒட்டிக் காட்டுகிறேன்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள் அண்ணை. மாரி முடிய வந்து பார்க்கிறேன்.