முகப்புத் திண்ணை: கார்த்தி தேங்கிட்டாரா, ஷாபாஸ் அவ்வளவு பெரிய ஆளா?

போன இதழ்ல சும்மா போறபோக்குல ஒரு வரி எழுதிட்டேன், "நம்ம ஹாக்கி ஃபார்வர்டு கார்த்தி செல்வத்த உக்கார வச்சு, 90-கள்ல ஆடுன பாகிஸ்தான் ஷாபாஸ் அகமதோட பழைய மேட்ச் பத்து போட்டுக் காட்டணும்"னு. அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வளவுல காயப்போட்ட வத்தல் மாதிரி பரந்து கெடக்கு. பாதிப் பேரு திட்டிருக்காங்க, மீதிப் பேரு அந்தப் பாதிப் பேர திட்டிருக்காங்க. சரி, இந்தத் தடவை முழுக்க ஹாக்கிதான், ஜாதகக் கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

அண்ணே, கார்த்தி 2022-ல மொத மேட்ச்லயே பாகிஸ்தானுக்கு எதிரா கோல் போட்டாரு. 2023-ல சென்னைல ரெண்டு கோல். அப்புறம் பாரிஸ் ஒலிம்பிக் டீம்ல பேரே இல்ல. ஆளு தேங்கிட்டாருன்னு எங்க ரூம்ல ஒரே சண்டை. நீங்களே சொல்லுங்க.
(தேவகோட்டை கல்லூரி மாணவர்)

தம்பி, மொதல்ல கணக்க நேரா வச்சுக்குவோம். 2022 மே மாசம் ஜகார்த்தால ஆசியக் கோப்பை, அரியலூர் கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் ஒண்ணா எறங்குனாங்க, ஒன்பதாவது நிமிஷத்துல கார்த்தி கோல், கடைசி நேரத்துல அவங்க ஒண்ணு திருப்பிப் போட்டு 1-1. அந்தத் தொடர்ல நமக்கு வெண்கலம். 2023 ஆகஸ்ட்ல எழும்பூர்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, மலேசியாவ 5-0ன்னு அடிச்சப்ப ஒண்ணு, செமிஃபைனல்ல ஜப்பான 5-0ன்னு அடிச்சப்ப ஒண்ணு. கப்பும் நம்மளுதுதான்.

இப்ப பாரிஸ் விஷயம். ஒலிம்பிக் டீம்ல மொத்தமே 16 பேருதான், அதுல ஃபார்வர்டுன்னு போனது அஞ்சே அஞ்சு பேரு, மந்தீப், குர்ஜந்த், லலித், அபிஷேக், சுக்ஜீத். இந்த அஞ்சுல யார எடுத்துட்டு கார்த்திய வைக்கிறதுன்னு உங்க ரூம்ல ஒரு தடவை ஓட்டுப் போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் செலக்டர் படுற பாடு. எடம் கெடைக்காததுக்கும் தேங்கிப்போனதுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி.

ஆனா ஒண்ணு சொல்லணும். எழும்பூர்ல நான் நேர்ல போயிருந்தேன், ஒரு குவார்ட்டர் முழுக்க பந்தப் பாக்காம கார்த்திய மட்டும் பாக்கிறதுன்னு முடிவு பண்ணி உக்காந்தேன், பக்கத்துல இருந்தவரு கோல் வாய்ப்புன்னு எந்திரிச்சுக் கத்துறப்ப கூட நான் வேற பக்கம் பாத்துட்டு இருந்ததால என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. பதினஞ்சு நிமிஷ குவார்ட்டர்ல ஆளு உள்ள இருந்ததே பாதி நேரம் இருக்காது, ஏன்னா இப்ப ஃபார்வர்டுங்கள அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் மாத்திக்கிட்டே இருக்காங்க. உள்ள இருந்த நேரத்துல அவன் பந்தத் தொட்டது ரெண்டோ மூணோ. மத்தபடி ஓட்டம், ஓட்டம், ஓட்டம்தான். எதிராளி டிஃபெண்டர் பந்த வெளிய எடுக்கப் பாக்கிறப்ப குறுக்க போய் வழிய அடைக்கிறான், அவரு வேற பக்கம் திரும்புனா அங்கயும் வேற ஒருத்தன் நிக்கிறான், பந்து நம்ம கைக்கு வந்துருது. பெஞ்சுக்கு வந்து தலையில தண்ணி ஊத்திக்கிட்டு குனிஞ்சு முட்டில கை வச்சு நிக்கிறான். ஸ்கோர் ஷீட்ல இதுக்கெல்லாம் கட்டமே கெடையாது. கோல எண்ணி மட்டும் இந்தக் காலத்து ஃபார்வர்டுக்கு மார்க் போட்டா அது கல்யாணப் பந்தியில சாப்பிட்டுட்டு சமையக்காரருக்கு அப்பளத்துக்கு மட்டும் மார்க் போடுற மாதிரி.

எனக்கு இருக்கிற குறை வேற. கோலுக்கு முன்னாடி போட்டிருக்கிற வட்டத்துக்குள்ள பந்து கெடைச்சா உடனே அடிக்கணும்ங்கிற அவசரம் தெரியுது, பக்கத்துல ஆளு சும்மா நிக்கிறத ஒரு நொடி தலைய தூக்கிப் பாக்கலாம். அதுக்குத்தான் ஷாபாஸ் பேர எழுதுனேன், வம்புக்கு இல்ல.

ஷாபாஸ் கூட இந்தக் காலத்துப் பயலுகள ஒப்பிடறதே பாவம் சார். அவரு ஒருத்தர் இருந்தாரு, அதோட முடிஞ்சது. நீங்க என்ன சொல்றீங்க?
(காரைக்குடி, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்)

ஐயா, பாதிக்கு ஒத்துக்கிறேன். 1990 லாகூர், 1994 சிட்னி, ரெண்டு உலகக் கோப்பைலயும் சிறந்த ஆட்டக்காரரு அவருதான், அப்படி அடுத்தடுத்து வாங்குறது லேசுப்பட்ட காரியமா. ஆனா உங்கள மாதிரி பெரியவங்க அவரு புகழ் பேசுறப்ப ஒரு விஷயத்த விட்டுர்றீங்க. அவரு பெருமை கோல் எண்ணிக்கையில மட்டும் இல்ல. சிட்னி ஃபைனல்ல நெதர்லாந்து கூட 1-1, பாகிஸ்தானோட கோல அடிச்சது கம்ரான் அஷ்ரஃப், பெனால்டி ஸ்ட்ரோக்ல காப்பாத்திக் கப்ப வாங்கிக் குடுத்தது கோலி மன்சூர் அகமது. ஷாபாஸ் பண்ணது என்னன்னா பந்த மட்டைலயே ஒட்ட வச்ச மாதிரி எடுத்துட்டு நடுவுல புகுந்து ரெண்டு மூணு பேர தன் பக்கம் இழுத்து, அந்த மூணு பேரு விட்டுட்டு வந்த எடத்துல நிக்கிறவனுக்கு தள்ளி விடுறது. ஹாக்கி மரடோனான்னு சும்மா சொல்லல.

இன்னொண்ணு, காலமும் வேற. அப்ப ஆஃப்சைடு இருந்துச்சு, 90-கள் பாதிக்கு மேலதான் அத எடுத்தாங்க. ஆஃப்சைடு இருந்தப்ப கோல் வாசல்ல போய் காத்துக்கெடக்க முடியாது, பந்தோட ஆளுகளத் தாண்டித்தான் போகணும், அதுல ஷாபாஸ் ராஜா. இன்னைக்கு வட்டத்துக்குள்ள ரெண்டு பேரு சும்மா நிக்கலாம், ஆனா டிஃபென்ஸும் அதுக்கு ஏத்த மாதிரி நெருக்கமா நிக்குது, தனியாளா புகுந்தா பந்து போயிரும். அதனால அவரோட ஓட்டத்த காப்பி அடிக்கச் சொல்லல, அவரு எப்ப விட்டுக் குடுத்தாருங்கிறத பாக்கச் சொல்றேன். கார்த்தி மாதிரி பையனுக்கு அதுல பாடம் இருக்கு, "அவரு போல வருமா"ங்கிற பெருமூச்சுல ஒண்ணும் இல்ல.

அப்ப தன்ராஜ் பிள்ளை? நம்ம ஆள விட்டுட்டு அவர ஏன் பேசணும்?
(திருப்பத்தூர்)

விடுவேனா? புனே பக்கம் கட்கில பொறந்து வளந்தாலும் தமிழ்க் குடும்பம், நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு ஆசிய விளையாட்டு. 1998 பாங்காக்ல கேப்டனா இருந்து 32 வருஷத்துக்கு அப்புறம் ஆசிய விளையாட்டுத் தங்கத்தக் கொண்டாந்தாரு, வந்த கையோட அவரையும் இன்னும் சில பேரையும் டீம்ல இருந்து எடுத்தாங்க, அந்தக் கோவம் எனக்கு இன்னைக்கும் ஆறல. வேகத்துல தன்ராஜ், பந்தப் பிரிச்சுக் குடுக்கிறதுல ஷாபாஸ். உலகக் கோப்பை ஷாபாஸ் கைலதான் இருக்கு, அத மறைச்சுப் பேச முடியாது. ஆனா அவருக்கும் ஒலிம்பிக் தங்கம் கெடையாது, 1992 பார்சிலோனாவுல வெண்கலம்தான்.

பாகிஸ்தான்காரன இவ்வளவு தூக்கி வச்சு எழுதுறீங்களே, சந்தாவ நிறுத்தலாம்னு இருக்கேன்.
(பொன்னமராவதி)

நிறுத்துங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க பெரியப்பச்சி, அதான் பெரியப்பா, மலேசியாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போனவரு, 1975 உலகக் கோப்பை ஃபைனல கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துல நேர்ல பாத்தவரு. 2-1ன்னு நம்ம ஜெயிச்சோம், இந்தியா உலகக் கோப்பைய வாங்குனது அந்த ஒரே தடவைதான், சென்னை பிலிப்ஸ் அந்த டீம்ல இருந்தாரு. அசோக் குமார் அடிச்ச கோல் போஸ்ட்ல பட்டுத் தெறிச்சுச்சு, உள்ள போகவே இல்லன்னு பாகிஸ்தான்காரங்க அப்பவே கத்துனாங்க. பெரியப்பச்சி ஊருக்கு வர்றப்பெல்லாம் பட்டாலைல உக்காந்து ஒரு கைல மணகோலம் பலகாரம், இன்னொரு கை விரலால தரையில கோடு போட்டு, "இங்க பட்டுச்சு, இப்படித் திரும்புச்சு, உள்ளதான்டா போச்சு"ன்னு காட்டுவாரு. சொல்லி முடிச்சுட்டு கடைசில, "ஆனா அந்தப் பயலுக ஆடுனானுகடா"ன்னு ஒரு வார்த்த சொல்லாம எந்திரிக்க மாட்டாரு. அந்த வளர்ப்புதான் எனக்கு.

அவங்க நிலமையும் பாருங்க, மூணு ஒலிம்பிக் தங்கம், நாலு உலகக் கோப்பை வாங்குன டீமு, 2012-க்கு அப்புறம் ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூணுக்கும் தகுதியே பெறல. 2023 ஆசிய விளையாட்டுல நம்ம 10-2ன்னு அடிச்சப்ப எனக்கு சந்தோஷமாவும் இருந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு.

பாகிஸ்தான் சோஹைல் அப்பாஸ் 348 கோல். எல்லாம் பெனால்டி கார்னர்ல வந்தது, அதெல்லாம் ஒரு கோலா?
(புதுவயல்)

அட, நீங்க ஒரு தடவை அந்த கோல் லைன்ல நின்னு பாருங்க, அப்புறம் சொல்லுங்க. பெனால்டி கார்னர்னா, தப்பு பண்ணுன டீமு கோல்ல அஞ்சு பேர மட்டும் நிறுத்தித் தடுக்கணும். கார்னர்ல மட்டைய ஓங்கி அடிச்சா மொத அடி கோல் பலகை உயரத்துக்கு மேல போகக் கூடாது, 460 மில்லிமீட்டர், முழங்கால் உயரம்தான். ஆனா அடிக்காம மட்டையோட இழுத்து வீசுனா, அதான் டிராக் ஃபிளிக், எந்த உயரத்துக்கும் போகலாம். அந்த ஓட்டைய ஆயுதமாக்குன ஆளுகள்ல பெரிய கை சோஹைல். பந்து வந்து நிக்கிது, பின்னாடி இருந்து நீளமா ஒரு கால் எடுத்து வச்சு குனியறாரு, மட்டை பந்துக்குப் பின்னால போய் அதத் தூக்கிக்கிட்டே இழுக்குது, இடுப்பு திரும்புது, பந்து மேல் மூலைல. கோல்ல அஞ்சு பேரு நின்னும் பிரயோஜனம் இல்ல. 2004-ல அதிக கோலுக்கான உலக சாதனைய முறிச்சதும் நமக்கு எதிராவே, அதுவும் நம்ம அமிர்தசரஸ்லயே. நம்ம ஹர்மன்பிரீத் 200-ஐத் தாண்டிட்டாரு, அவரும் பெரும்பாலும் அதே கார்னர்தான், அப்ப மட்டும் கை தட்டுறோம்ல?

எங்க பையனுக்கு 12 வயசு, எந்நேரமும் மட்டையும் கையுமாத் திரியறான். நம்ம பக்கத்துல டர்ஃப், அதான் செயற்கைப் புல் தரை, இல்ல. என்ன பண்றது?
(கண்டனூர் தாய்)

ஆத்தா, கவலப்படாதீக. நம்ம செம்மண் தரையில ஆடுற பையனுக்கு பந்து எப்படி எகிறும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால கை சீக்கிரம் பதமாகும், ஆனா டர்ஃப்ல தண்ணி அடிச்சு ஆடுறப்ப பந்து வழுக்கிட்டு வர்ற வேகம் வேற, அது தனியாப் பழகணும். ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல மண்ணுலயே விடாதீக. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வருஷா வருஷம் விடுதிக்கு ஆள் எடுக்கிறாங்க, செய்தித்தாள்ல வரும், பாத்துக்கிட்டே இருங்க. கார்த்தி அரியலூர்ல இருந்து கோவில்பட்டி விடுதிக்குப் போய்தான் இந்த நிலைக்கு வந்தாரு. கோவில்பட்டின்னா தீப்பெட்டியும் கடலமிட்டாயும் மட்டும்னு நெனைக்காதீக, அங்க டீக்கடைல கூட பெனால்டி கார்னர் பேசுவாக. மட்டை கீழ வளைவு தேஞ்சு நார் தெரிஞ்சா டேப்பச் சுத்திக் குடுத்து ஒப்பேத்தாதீக, கை வலிக்கும், வேற வாங்கிக் குடுங்க.

காரைக்குடில இருந்து மதுரை போயி ஜூனியர் உலகக் கோப்பை பாத்தீங்களா?
(கானாடுகாத்தான்)

பாத்தேன், சுவிட்சர்லாந்த 5-0ன்னு அடிச்ச மேட்ச், 2025 டிசம்பர். பாகிஸ்தான் வராம போனதுல எனக்கு வருத்தம், அவங்களுக்குப் பதிலா ஓமன் வந்துச்சு. நம்ம பயலுக செமிஃபைனல்ல ஜெர்மனிகிட்ட 5-1ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டு, வெண்கல மேட்ச்ல அர்ஜென்டினா கூட 2-0 பின்னாடி கெடந்து கடைசி குவார்ட்டர்ல நாலு போட்டானுக. கோச் ஸ்ரீஜேஷ். ராத்திரி பஸ்ல திரும்புறப்ப மேலூர் தாண்டியும் தூக்கமே வரல.

தம்பி, எம் பேரன் அமெரிக்காவுல ஐஸ் ஹாக்கின்னு ஒண்ணு பாக்கிறான். ஓவெச்கின் பெரிசா, கிராஸ்பி பெரிசான்னு அவுக அப்பன்கூட சண்ட. அதுவும் இதுவும் ஒண்ணா?
(பள்ளத்தூர் ஆச்சி)

ஆச்சி, மட்டைதான் ஒண்ணு, மத்ததெல்லாம் வேற. அங்க பந்து கெடையாது, ரப்பர் வட்டு, கால்ல கத்தி கட்டிக்கிட்டு ஓடுறாங்க, நம்ம ஊர்ல ஐஸுன்னா சர்பத் கடையோட சரி. ஓவெச்கின் 2025 ஏப்ரல்ல 895-வது கோல் போட்டு கிரெட்ஸ்கியோட அதிக கோல் சாதனைய முறிச்சாரு, கிராஸ்பி அடிக்கிறதோட அடுத்தவனுக்கு எடுத்துக் குடுக்கிறதுலயும் பேர் போனவரு. பேரன் எந்தப் பக்கம்னு எழுதலையே நீங்க? கிராஸ்பி பக்கம்னா அடுத்த தடவை பலகாரம் அனுப்புறப்ப அவனுக்கு ரெண்டு கந்தரப்பம் கூட வைங்க, நான் சொன்னேன்னு அவுக அப்பன்கிட்ட சொல்லாதீக.