மூளையைப் படிக்க வேண்டுமா? கணக்கை விட்டுவிடாதீர்கள்

மூளை ஆராய்ச்சிதான் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீட்டில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீட்டுக்காகக் கணக்கை ஓரங்கட்டிவிட்டாள் என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை இரண்டாவதில்தான்.

மூளைத் திசுவின் அமைப்பு அதன் இயக்கத்தை எப்படி ஆள்கிறது என்பதுதான் அவளை இழுக்கும் கேள்வி. அதில் முன்னணியில் நிற்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேனி பாசெட் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். 2015-இல் அவரோடு சேர்ந்து ஆய்வு வெளியிட்ட ஃபேபியோ பஸ்குவாலெட்டி, ஓர் அமைப்பை வேண்டிய நிலைக்குக் கொண்டுபோவது எப்படி என்று பார்க்கும் கட்டுப்பாட்டுப் பொறியியல்காரர்.

மூளையின் வெள்ளைப்பொருளில் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) நீர் மூலக்கூறுகள் நரம்பிழைகளின் நீளவாக்கில் எளிதாகப் பரவும், குறுக்கே அவ்வளவாகப் பரவாது. எம்ஆர்ஐ ஸ்கேனில் இதைப் பார்த்து, எந்தப் பகுதி எதோடு இணைந்திருக்கிறது என்று கணிக்கலாம். பாசெட் குழுவினர் மூளையை 234 பகுதிகளாகப் பிரித்து (நம் சட்டமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கை!) இணைப்புகளை ஓர் அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதினார்கள். ஒரு பகுதியைத் தூண்டினால் மொத்த வலையமைப்பும் எந்தெந்த இயக்க நிலைகளுக்குப் போகும் என்பதை அந்த அணியிலிருந்தே கணக்கிட்டார்கள். இணைப்பு அடர்ந்த பகுதிகள் சிறு முயற்சியில் பக்கத்து நிலைகளுக்கு நகர்த்தும். எளிதில் எட்டாத நிலைகளுக்குத் தள்ளுவதில் இணைப்பு குறைந்த பகுதிகள்தான் முந்தின.

மூளையை இப்படி நேரியல் சமன்பாட்டில் அடக்கலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் 302 நரம்பணுக்களே கொண்ட ஒரு புழுவில் இந்த வழி பலித்தது. எந்த நரம்பணு போனால் அசைவு கெடும் என்று இணைப்பு வரைபடத்தை மட்டும் வைத்துக் கணித்து, லேசரால் அழித்துச் சோதித்தது வேறொரு குழு. அதுவரை யாரும் பொருட்படுத்தாத பிடிபி என்ற நரம்பணுவுக்கும் பங்கு இருப்பது 2017-இல் தெரிந்தது.

இதற்கெல்லாம் அடிப்படை அணிகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும். இரண்டும் உங்கள் மகளின் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களுக்கென்று தனி நுழைவுத்தேர்வு உண்டு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு நான்கிலும் தலா 15 கேள்விகள். சென்னை ஐஐடியில் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டுப் படிப்புக்கும் இதே தேர்வுதான். கணக்கைக் கைவிட்டால் கால்வாசி மதிப்பெண் கையைவிட்டுப் போகும். இளநிலையில் மின்னியல் பொறியியலோ இயற்பியலோ எடுத்துவிட்டு, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் (ஐஐஎஸ்சி) நரம்பியல் மையம் போன்ற இடங்களில் ஆராய்ச்சிக்கு முயல்வதும் நல்ல வழி.

ஒன்றை மறைக்க மாட்டேன். பிளஸ் டூவிலிருந்து எண்ணினால் முனைவர் பட்டம் முடிக்கக் கிட்டத்தட்ட பத்தாண்டு ஆகும், நிரந்தர ஆராய்ச்சி வேலையும் குறைவு. ஆனால் வழியில் மனம் மாறினால், ஸ்கேன் தரவைக் கையாளத் தெரிந்தவருக்கு மருத்துவக் கருவி நிறுவனங்களில் வேலை கிடைக்கும். வெறும் உயிரியல் பட்டத்தோடு நிற்பவருக்கு அந்த வசதி குறைவு.

ஐசர் தேர்வு விண்ணப்பம் நீட் பரபரப்புக்கு நடுவே வந்துபோய்விடும். தேதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.